தராசுக் கணினியை அணைத்தது யார்

திங்கட்கிழமை காலையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெரட்டு நடக்கும். தோட்டத்தில் விடியும் முன்னால் மண்டோர் என்ற மேஸ்திரி நின்று பெயர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன இடத்தில் வேலை என்று பிரித்துவிடுவதற்குத்தான் பெரட்டு என்று பெயர். நான் கூப்பிடுவது கணினிகளை. இந்த வாரம் எந்த அப்டேட்டைப் போடலாம், எதைத் தொடக்கூடாது, புதிதாக என்ன மென்பொருள் வந்திருக்கிறது, போன வாரம் யார் பிரிண்டரோடு மல்லுக்கட்டினார்கள் என்று குரல் பதிவில் சொல்லுவேன். கேட்பவர்கள் எல்லாரும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை வைத்திருப்பவர்கள். சுங்கை பெசாரில் பேனர் அச்சடிப்பவர் ஒருவர், கெர்லிங்கில் தேவாலயப் பாடற்குழுவுக்கு இசைத்தாள் தயாரிக்கும் ஒரு டீச்சர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கிராணிகள், அதாவது தோட்ட அலுவலக எழுத்தர்கள் சிலர், அவர்களுடைய பிள்ளைகள்.

போன மாதம் அந்தக் குழுவில் சங்கீதா என்ற பெண் ஒரு வேண்டுகோள் வைத்தாள். ஷா ஆலத்தில் ஒரு கம்பெனியின் கணினிப் பிரிவில் இருப்பவள். "ஆன்ட்டி, விண்டோஸ் டென்னுக்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சு. எங்க ஆப்பீஸ்ல நல்லா ஓடுற மெஷினையெல்லாம் தூக்கிப் போடப் போறாங்க. நீங்க எப்பவோ தோட்டத்துல லினக்ஸ் போட்டீங்கதானே, அந்த எக்ஸ்பீரியன்ஸ எழுதுங்களேன். கொஞ்சம் பாசிட்டிவ்வா எழுதுங்க லா, பாஸ்கிட்ட காட்டணும்."

பாசிட்டிவ்வாக எழுத எனக்கு வராது. நான் போட்ட லினக்ஸை என் கையாலேயே எடுக்க வைத்தார்கள். அதை மறைத்துவிட்டு மீதியை மட்டும் எழுதினால் அது விளம்பரம். சங்கீதாவின் பாஸ் படித்தாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் ரெஜினா. கோல சிலாங்கூர் வட்டார அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். எங்கள் கம்பெனிக்குக் கடற்கரைப் பக்கம் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள் சில, உள்ளே கெர்லிங், கலும்பாங் பக்கம் சில. ஆளுக்கொரு கைத்தொலைபேசி வந்ததும் என் சுவிட்ச்போர்டைக் கழற்றி ஸ்டோரில் போட்டார்கள். என்னையும் ஸ்டோரில் போட முடியாதே, அதனால் கணினிப் பிரிவில் உட்காரவைத்தார்கள். கிள்ளானில் மாலை வகுப்பு, சொந்தக் காசில் வாங்கிய சில புத்தகங்கள், நானே கெடுத்து நானே சரிசெய்த பல கணினிகள். என் படிப்பு அவ்வளவுதான். 'கஞ்சில்' என்ற பழைய சின்னக் கார் ஒன்றில் தோட்டம் தோட்டமாகப் போய்வர ஆரம்பித்தேன்.

அப்போது என்னை ஆட்டிவைத்தது கோயில் திருவிழா. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏறக்குறைய எல்லாத் தோட்டத்திலும் அலுவலகக் கிராணிதான் கோயில் கமிட்டிக்கும் செயலாளர். ஒலிபெருக்கிக்கான அம்மன் பாட்டெல்லாம் ஒரே பென் டிரைவில் இருக்கும். அந்தப் பென் டிரைவ் ஒரு தோட்டத்துத் திருவிழா முடிந்து அடுத்த தோட்டத்துக்குப் போகும். போகிற இடமெல்லாம் அலுவலகக் கணினியில்தான் செருகுவார்கள். பாட்டோடு வைரஸும் ஊர்வலம் வரும். திருவிழா முடிந்த மறுநாள் போய்ப் பார்த்தால் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கும், சம்பளக் கணக்கு திறக்காது, கிராணி தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். நான் துடைத்துவிட்டு வருவேன். அடுத்த திருவிழாவுக்கு மறுபடியும் அதே கதை.

வெறுத்துப்போய் ஒருநாள் கலும்பாங் அலுவலகத்துக் கணினியில் லினக்ஸைப் போட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. ஏற்கெனவே இருந்த அதே படத்தைத் திரையில் வைத்தேன், ஐகான்களையும் அதே வரிசையில் அடுக்கினேன். அங்கே சரோஜா என்று ஒரு கிராணி, என் வயதுக்காரி, எதற்கெடுத்தாலும் குறை சொல்லுவாள். ஒரு வாரம் வேலை செய்துவிட்டுப் போன் செய்தாள். "என்னா ரெஜினா, மெஷின சர்வீஸ் பண்ணியா? நல்லா வேகமா ஓடுது, ஆனா அந்த எழுத்து கொஞ்சம் பொடிசா இருக்கு." எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அந்த வருடம் பென் டிரைவ் வந்தது, போனது, விண்டோஸுக்காக எழுதிய வைரஸ் லினக்ஸில் வேலை செய்யாததால் கலும்பாங் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு மற்ற தோட்டத்துக் கிராணிகளே என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இங்கே என் மேலதிகாரி குணாளனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் "சாப்டாச்சா?" என்று கேட்பார், அதனால் அவர் அன்பாக விசாரித்தாலே நாங்கள் உஷாராகிவிடுவோம். மேசைக்குக் கீழே வயர்கள் அலங்கோலமாகத் தொங்குவதைப் பார்க்க அவருக்குச் சகிக்காது. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் மண்டியிட்டு வயர்களைச் சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் எழுந்து பேசுவார். சட்டைப் பையில் வைத்திருக்கும் பேனாக்களை எடுத்து மேசையில் நேர்வரிசையாக வைப்பது இன்னொரு பழக்கம். நெட்வொர்க் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்குமேல் அவர் கற்றுக்கொடுத்தது. ஒரு கேள்வியை இரண்டாவது முறை கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டார். ஆனால் தலைமையகத்திலிருந்து யாராவது பேசினால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுந்து நிற்பது போல இருப்பார்.

கலும்பாங்குக்கு அவர் வந்தபோது வயர்களைக் கட்டிவிட்டு எழுந்து திரையைப் பார்த்தார்.

"இது என்ன ரெஜினா?"

"லினக்ஸ் சார்."

"யார் போடச் சொன்னது?"

"வைரஸ் சார்."

சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நான் பாக்கல. வேல ஓடுனா சரி." இதுதான் எனக்குக் கிடைத்த அனுமதி. எழுத்தில் ஒன்றும் இல்லை, நானும் கேட்கவில்லை. சில வருடங்களில் எங்கள் வட்டாரத்தின் எல்லாத் தோட்ட அலுவலகங்களும் லினக்ஸுக்கு மாறின.

இத்தனை கணினிகளையும் ஒருத்தி ஓடி ஓடிப் பார்க்க முடியாது என்றுதான் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பெரட்டு வைத்தேன். ஒவ்வொரு தோட்டமாகப் பெயர் கூப்பிடுவேன். கிராணிகள் "ஓடுது" அல்லது "படுத்திருக்கு" என்று பதில் சொல்ல வேண்டும், அதற்குமேல் கதை பேசக்கூடாது. பிறகு செய்தி: பிரௌசருக்குப் பாதுகாப்பு அப்டேட் வந்திருக்கிறது, இன்றே போடுங்கள், லிப்ரே ஆபிஸில் புதிய பதிப்பு வந்திருக்கிறது, யாரும் தொடாதீர்கள், சரோஜாதான் முதலில். புதியது எதுவானாலும் ஒரு வாரம் கலும்பாங்கில் ஓடும். சரோஜாவின் வாயிலிருந்து தப்பித்த மென்பொருள் உலகத்தில் எங்கேயும் பிழைத்துக்கொள்ளும். பெரிய அப்டேட்டுக்கு முன்னால் கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளில் ஒரு பிரதி எடுத்துவைக்காமல் பட்டனை அமுக்கியவருக்கு அடுத்த பெரட்டில் பெயர் சொல்லி மண்டகப்படி நடக்கும். தலைமையகத்துக்குக் கடிதம் அனுப்பினால் பி.டி.எஃப். ஆக்கி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அங்கே திறக்கும்போது பக்கம் தள்ளிப்போய், "லினக்ஸால்தான்" என்று பேச்சு வரும். இன்றைக்கும் இதையெல்லாம் மாற்றாமல்தான் சொல்கிறேன்.

ஆயுத பூசைக்கு முந்தின பெரட்டு மட்டும் தனி. நம் ஆட்கள் கணினிக்குப் பூசை போடும் விதத்தைப் பார்த்து நான் பல வருடம் இரத்தக் கொதிப்போடு அலைந்திருக்கிறேன். மௌஸின் அடியில் இருக்கும் விளக்கில் குங்குமம் வைத்துவிட்டு, "அம்பு நகர மாட்டேங்குது" என்று போன் செய்வார்கள். காற்று போகும் துளையில் சந்தனம் பூசுவார்கள். ஒரு தோட்டத்தில் லோரிச் சக்கரத்துக்கு வைப்பதைப் போல ஸ்கேனருக்குள் எலுமிச்சம்பழம் வைத்து மூடியை அமுக்கினார்கள். தடுத்தால் கேட்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்டு முறையைச் சொல்லிக்கொடுத்தேன். கணினியை ஒழுங்காக ஷட் டவுன் செய்து, சுவரிலிருக்கும் சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்துத் தூசி எடுக்க வேண்டும். பொட்டு, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டில் மட்டும். திருநீறு, முன்னால் விரித்த தாளில். சூடத்தட்டு மேசைக்கு வரக்கூடாது. மறுநாள் காலைவரை யாரும் தொட வேண்டாம், அதற்கும் ஓய்வு கிடைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்தில் பூசை காணப் போகும் கத்தோலிக்கப் பெண் நான். ஆயுத பூசைக்கு விதிமுறை வகுத்தவளும் நானே.

நான் கைவைக்க முடியாத கணினி ஒன்றே ஒன்று இருந்தது. கடற்கரைப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் ஆறாங்கட்டை என்று சொல்லும் தோட்டத்தில் எண்ணெய் ஆலை இருக்கிறது. பழக்குலை ஏற்றிவரும் லோரிகளை நிறுக்கும் தராசு அங்கேதான். அந்தத் தராசோடு சேர்ந்த கணினியை ஒரு வெளிக் கம்பெனி போட்டுக்கொடுத்திருந்தது. விண்டோஸும் அவர்கள் எழுதிய நிறுவைப் புரோகிராமும் அதில் ஓடின. பெட்டியின் திருகுகளின்மேல் ஸ்டிக்கர் ஒட்டி, பிரித்தால் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை அவர்களுடைய ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார், குணாளன் கையெழுத்துப் போடுவார்.

தராசுக் கிராணி கதிரேசன். என்னைவிடப் பத்து வயதாவது இளையவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். லோரிப் புழுதி படாமல் அந்தக் கணினிக்கு அட்டையில் கூரை போட்டுக் கொடுத்தவன் அவன். மனைவியும் படிக்கிற இரண்டு பிள்ளைகளும் அவனோடு கம்பெனி வீட்டில் இருந்தார்கள். தோட்டத்தில் வேலையும் வீடும் சேர்ந்தே வரும், போனால் சேர்ந்தே போகும்.

அந்த வருடம் ஆயுத பூசை அன்று ஆலையில் கொதிகலன் சோதனை வைத்திருந்தார்கள். ஆலை மூடினால் லோரி இல்லை, லோரி இல்லாவிட்டால் தராசும் சும்மா. அதுவரை எல்லா வருடமும் லோரி வந்துகொண்டே இருந்ததால் தராசுக் கணினிக்கு ஓடுகிற நிலையிலேயே அவசரப் பொட்டு வைத்துவந்தான் கதிரேசன். பெரட்டில் என்னைக் கேட்டான். "அக்கா, இத்தன வருசமா இவனுக்கு மட்டும் முழு பூச கெடைக்கல. இந்த வாட்டி அணைக்கலாமா?"

"தாராளமா அணை. அதுவும் மெஷின்தான," என்றேன். எல்லாக் கிராணிகளும் கேட்க, குரல் பதிவில் சொன்னேன்.

அணைத்தான், துடைத்தான், நான் சொன்ன இடத்தில் பொட்டு வைத்தான். மறுநாள் காலையில் சுவிட்சைப் போட்டால் கணினி எழுந்தது, நிறுவைப் புரோகிராம் எழவில்லை. உரிமம் செல்லாது என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் மட்டும் வந்து நின்றது. எனக்குப் போன் வந்தபோது அவன் குரல் அழுகிற மாதிரி இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தராசிலிருந்து பெரிய ரோடுவரைக்கும் லோரிகள் நின்றன. ஆலை ஒருநாள் மூடிக் கிடந்ததால் இரண்டு நாள் பழம் அது. நேரமாக ஆக எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். ஓட்டுநர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

திரையின் மூலையில் தேதியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கணினிக்குள் காசு அளவில் ஒரு பாட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். அது எப்போதோ செத்துப்போயிருக்கிறது. கணினியை யாரும் அணைக்காததால் வெளியே தெரியவில்லை. அணைத்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விட்டது, யாரோ தேதியில் விளையாடுகிறார்கள் என்று புரோகிராம் தன்னையே பூட்டிக்கொண்டது. தேதியைச் சரிசெய்தும் பூட்டு திறக்கவில்லை. அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு வாரம் ஆகும், இது பழைய பதிப்பு, புதிது வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குக் கணினியும் புதிதாக வேண்டும் என்றார்கள்.

"ஒரு வாரமா? பழம் அழுகிப் போயிடுமே அக்கா," என்றான் கதிரேசன்.

காரிலிருந்து என் லேப்டாப்பை எடுத்துவந்தேன். தராசிலிருந்து கணினிக்கு வரும் வயரைப் பிடுங்கி, ஒரு மாற்றுக் கேபிள் வழியாக லேப்டாப்பில் செருகினேன். இந்த இடத்தில் லினக்ஸ்காரர்கள் பலர் முட்டிக்கொள்வார்கள்: நம் பயனர் பெயரை 'டயல்அவுட்' என்ற குழுவில் சேர்த்து, லாக் அவுட் ஆகி மறுபடி உள்ளே வராதவரை வயர் செருகிய வாசல் திறக்காது. சேர்த்தேன். வயரில் வருவதைத் திரையில் காட்டும் கியூட்காம் என்ற சின்ன இலவச மென்பொருளைத் திறந்தேன். முதலில் கோணல்மாணலாக ஏதேதோ குறிகள் கொட்டின. தராசு அனுப்பும் வேகமும் லேப்டாப் வாங்கும் வேகமும் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு வேகமாக மாற்றிக்கொண்டே வந்தேன். ஒரு வேகத்தில் குறிகள் நின்று, தராசுப் பெட்டியில் சிவப்பாக எரிந்த அதே எண் என் திரையிலும் வரிவரியாக இறங்கியது.

"வருது! அக்கா, வருது!" என்று கதிரேசன் கத்தியதில் முதல் லோரிக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

லிப்ரே ஆபிஸில் ஒரு கணக்குத் தாள் போட்டேன். பாரத்தோடு ஓர் எடை, இறக்கிவிட்டு ஓர் எடை, கழித்தால் பழம். கதிரேசன் எண்ணைப் படித்து அடித்தான், சீட்டு அச்சானது, லோரி நகர்ந்தது. கொஞ்சம் மூச்சுவிட்ட பிறகு, தராசுக் கணினியை என் பென் டிரைவிலிருந்த லினக்ஸில் கிளப்பினேன். திருகையும் ஸ்டிக்கரையும் தொடவில்லை. பழைய நிறுவைகள் எல்லாம் உள்ளே டி.பி.எஃப். என்ற பழைய வகைத் தரவுக் கோப்புகளாகப் பத்திரமாக இருந்தன. லிப்ரே ஆபிஸ் அவற்றைச் சாதாரணமாகத் திறந்து காட்டியது. எங்கள் லோரி, எங்கள் பழம், எங்கள் எடை; அதைப் பார்க்க வெளியாள் ஒருவன் சாவி கொண்டுவர வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த வாரம் முழுவதும் ஆறாங்கட்டையின் பழத்தை நிறுத்தது என் லேப்டாப்தான்.

வாரக் கடைசியில் குணாளன் என்னைத் தன் அறைக்கு அழைத்தார்.

"சாப்டாச்சா ரெஜினா?"

"சொல்லுங்க சார்."

பேனாக்களை எடுத்து வரிசையாக வைத்தார். தலைமையகம் விசாரணை வைக்கிறது என்றார். அனுமதியில்லாத மென்பொருளில் கம்பெனிப் பழத்தை நிறுத்தது எப்படி, தராசுக் கணினி ஏன் கெட்டது என்று இரண்டு கேள்வி. "பாட்டரின்னு எனக்கும் தெரியும்," என்றார். "ஆனா பாட்டரின்னு சொன்னா, வருசா வருசம் அத பாத்தாச்சுன்னு யார் கையெழுத்து போட்டதுன்னு கேப்பாங்க."

பேனா ஒன்றை நகர்த்திவிட்டு அவரே தொடர்ந்தார்.

"சந்தனத் தண்ணி உள்ள போயிருச்சு, அதனால கெட்டுச்சு. நீங்க இந்த ஒரு வார்த்த சொன்னா போதும். உங்க லேப்டாப் வேல அவசர நடவடிக்கையா ஆயிடும். எல்லாத் தோட்டத்து லினக்ஸையும் நான் எழுத்துலயே அப்ரூவ் பண்ணி வாங்கித் தரேன். இத்தன வருசமா எழுத்துல ஒன்னும் இல்லாமத்தானே ஓட்டுறீங்க?"

"கதிரேசு?"

"அவனுக்கு வேற எங்கயாச்சும் வேல கெடைக்கும்."

"வீடு?"

அவர் பேனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். பத்து வருடத்துக்கு மேலான என் உழைப்பு ஒரு கையெழுத்தில் நிலைத்துவிடும். அன்று கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது வழியெல்லாம் அதையே நினைத்தேன். பூசைக்கு முறை சொல்லிக்கொடுத்தவள் நான், அணை என்றவள் நான். அவன் வீட்டைக் கொடுத்து நான் லினக்ஸை வாங்கிக்கொள்வதா என்று என்மீதே எனக்கு ஆத்திரம் வந்தது.

விசாரணை ஆறாங்கட்டை அலுவலகத்திலேயே நடந்தது. தோட்டத்து மேனேஜரான துரை, குணாளன், தலைமையகத்து மனிதவளப் பிரிவிலிருந்து வந்த ஓர் அம்மையார், எதிரே கதிரேசன். அந்த அம்மையார் கடுமையானவர், ஆனால் எதையும் காதுகொடுத்துக் கேட்பவர். பேச்செல்லாம் மலாயில் நடந்தது, நான் தமிழில் எழுதுகிறேன்; அம்மையாரை அழைக்கும் 'புவான்' என்ற மரியாதைச் சொல்லை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

"பூசையால் கணினி கெட்டதா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை. அணைத்ததும் நின்றுபோனது. உள்ளே பாட்டரி செத்திருந்தது. புரோகிராம் தன்னைப் பூட்டிக்கொண்டது."

"அணைக்கச் சொன்னது யார்?"

"நான்தான். ஒவ்வொரு வருடமும் எல்லாத் தோட்டத்துக்கும் நான்தான் சொல்கிறேன். இந்த வருடம் இந்தக் கணினியைப் பெயர் சொல்லிக் கேட்டார், அணை என்றேன்."

"நீங்கள் கிறிஸ்தவர் என்று இங்கே இருக்கிறது. இந்துப் பூசைக்கு நீங்கள் எதற்கு உத்தரவு கொடுக்கிறீர்கள்?"

"தூசிக்கு மதம் கிடையாது புவான். வருடத்தில் ஒருநாளாவது துடைக்கிறார்கள். தலைமையகத்தில் அதுகூட நடப்பதில்லை."

துரை இருமினார். அம்மையார் சிரிக்கவில்லை. "அணைத்தது தவறு என்று நினைக்கிறீர்களா?"

"இல்லை. அணைக்கிற உரிமைகூட நமக்கு இல்லாத கணினியை வாங்கி வைத்ததுதான் தவறு."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு குணாளன் பக்கம் திரும்பினார். "நீங்கள்தான் துறைத் தலைவர். பாட்டரிதான் காரணமா, இல்லை தண்ணீர் உள்ளே போனதா?"

அந்த அறையில் அவர் என்ன சொன்னாலும் அதுதான் செல்லும். நான் தொழில்நுட்ப உதவியாளர், அவர் அதிகாரி. கதிரேசன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். குணாளன் பேனாக்களை வரிசையாக வைத்தார், ஒன்றை எடுத்து மறுபடி வைத்தார்.

"பாட்டரிதான்," என்றார். "நான் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்."

கதிரேசன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். வேலை தப்பியது, வீடும் தப்பியது. குணாளனுக்கு எச்சரிக்கை வந்ததாகக் கேள்விப்பட்டேன். நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதற்கு எதற்கு நன்றி? ஆனால் அன்றிலிருந்து அவர் "சாப்டாச்சா" என்று கேட்டால் "ஆச்சு சார், நீங்க?" என்று திருப்பிக் கேட்கப் பழகிக்கொண்டேன்.

அடுத்த மாதமே தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. அங்கீகாரம் இல்லாத மென்பொருளை எல்லாத் தோட்டத்திலிருந்தும் நீக்க வேண்டும். குணாளன் முடிந்தவரை எதிர்த்தார் என்று சொன்னார்கள், எனக்குத் தெரியாது. புதுக் கணினிகள் வந்திறங்கின. பழையவற்றிலிருந்து கோப்புகளை மாற்றி, லினக்ஸை அழித்து, ஒவ்வொரு தோட்டமாக முடித்துக்கொண்டே போனேன். கலும்பாங்கில் வேலையை முடித்துவிட்டுக் காரில் உட்கார்ந்து அழுதேன். வெட்கப்படவில்லை, அழ வேண்டிய விஷயம்தான்.

பழைய கணினிகளைக் கழிவு என்று கணக்கெழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். முதல் போன் சரோஜாவிடமிருந்து. "ஏய் ரெஜினா, அந்த பழைய மெஷின நான் வீட்டுக்கு எடுத்தாந்துட்டேன். நம்மளுத போட்டு குடு. புதுசுல வேலயே ஓட மாட்டேங்குது." பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அலுவலகத்தில் எடுத்ததை வீடு வீடாகப் போட்டேன். அதற்கு யாருடைய அங்கீகாரமும் தேவைப்படவில்லை. பெரட்டை அலுவலகக் குழுவிலிருந்து எடுத்து எங்கள் சொந்தக் குழுவுக்குக் கொண்டுவந்தோம். அதில்தான் சங்கீதாவும் சேர்ந்தாள்.

அடுத்த ஆயுத பூசை வந்தது. ஆறாங்கட்டைத் தராசுக்கு அந்தக் கம்பெனியே புதுக் கணினி போட்டிருந்தது, புது ஸ்டிக்கரோடு. அதன் பக்கத்துச் சுவரில் தலைமையகத்தின் அறிவிப்பு ஒட்டியிருந்தது: சமயச் சடங்குகளுக்காக எந்தக் கணினியையும் அணைக்கக்கூடாது. பூசையன்று காலையில் கதிரேசன் போன் செய்தான். மதியத்தோடு லோரி முடிகிறது, மறுநாள் காலைவரை தராசுக்கு வேலை இல்லை என்றான். வேறொன்றும் கேட்கவில்லை, ஆனால் போனையும் வைக்கவில்லை.

"நான் வரேன்," என்றேன். ஓய்வுபெற எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. லேப்டாப்பையும் கேபிளையும் காரில் எடுத்து வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

நான் போனபோது அவன் குளித்துத் திருநீறு பூசி, சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தான். கணினி ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"வேணாம் அக்கா. ஓடுறப்பவே பொட்டு வச்சிடுறேன். போன வாட்டி மாதிரி ஆச்சுன்னா யார் அணைச்சதுன்னு கேப்பாங்க. புள்ளைங்கள வச்சுகிட்டு நான் எங்க போவேன்?"

"கேட்டா ரெஜினான்னு சொல்லு. எழுத்துல வேணும்னா நானே எழுதிக் குடுக்குறேன்."

கணினியை ஷட் டவுன் செய்தேன். திரை கறுத்ததும் சுவரிலிருந்த சுவிட்சை நானே அணைத்தேன். கதிரேசன் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.